மூன்றில் ஒரு பங்கு லிடியா

“தம்பி, பொண்ணு பக்கத்துல நின்ன ஆள எதுக்கு வெட்டி எடுத்தீங்கன்னு கேக்குறாங்க.”

கல்யாணத் தரகர் சார்லஸ் போனில் இப்படிக் கேட்டதும் பிரின்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போட்டோவில் தங்கை லிடியாவுக்குப் பக்கத்தில் யாருமே நிற்கவில்லை. வேப்பமரம்கூட நான்கடி தள்ளித்தான் நின்றது.

“யாரையும் வெட்டலையேண்ணே.”

“அப்பறம் பொண்ணு ஏன் ஓரத்துல நிக்குது? இந்தப் பக்கம் அம்புட்டு எடம் காலியாக் கெடக்கே. அங்க நின்னவன் யாருன்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்கப்பா.”

பிரின்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். இருபத்தோரு நாளில் புகைப்படக் கலை கற்றுத் தரும் இணைய வகுப்பில் அவன் சேர்ந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. முதல் பாடமே, படத்தை மூன்று பங்காகப் பிரித்து ஆளை ஒரு பங்கில் நிறுத்து, மற்ற இரண்டையும் காலியாக விடு, கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பதுதான். ஒட்டன்சத்திரத்து மாப்பிள்ளை வீட்டார் அந்த இரண்டு பங்கிலும் ஒரு காதலனை உட்கார வைத்துவிட்டார்கள்.

திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளன் பிரின்ஸ். அப்பா இறந்த பிறகு, ரெட்டியார்சத்திரம் வீட்டில் அம்மா சகாயராணிக்கும் தங்கைக்கும் அவன்தான் எல்லாம். போன வருஷம் வந்த வரனுக்கு ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தார்கள். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து லிடியாவைப் பால்கோவா நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். நேரில் வந்தவர்கள் லிடியா நீட்டிய காபியைக் குடித்துவிட்டு, “சரி, பொண்ணக் கூப்பிடுங்க” என்றார்கள். லிடியா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அன்றைக்குத்தான் பிரின்ஸ் இனி தங்கையைத் தானே உள்ளது உள்ளபடி எடுப்பது என்று சபதம் போட்டு, பழைய கேமரா ஒன்றை வாங்கினான்.

இப்போது வந்திருக்கும் பிரிட்டோ, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் முருங்கைக்காய் கமிஷன் கடை வைத்திருப்பவன். அவன் அனுப்பிய போட்டோவில் முருங்கைக்காய்க் கட்டுகள் தெளிவாக இருந்தன. அவனுக்குத்தான் ஒரு கண் மூடியிருந்தது. லிடியா அதைப் பார்த்துவிட்டு, “ம், பரவால்ல” என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அந்தப் போட்டோவை மேசையில் காணவில்லை. அவளுடைய ஜெபப் புத்தகம் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. இந்த வரன் கை நழுவினால், அதுவும் அண்ணன் கேமராவால் நழுவினால், அவன் வீட்டில் தலைகாட்ட முடியாது.

எனவே அன்று மாலையே இரண்டாவது போட்டோ. பக்கத்தில் இடம் இருந்தால்தானே சந்தேகம் என்று, இண்டு இடுக்கு இல்லாமல் படம் முழுக்க லிடியாவை நிரப்பி, இடுப்புக்கு மேலே எடுத்து அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் சார்லஸ் கூப்பிட்டார்.

“பொண்ணுக்குக் கால்ல ஏதும் கொறையா தம்பி?”

“ஏண்ணே?”

“முழுசா எடுக்காம இடுப்போட நிறுத்திட்டீங்களே. காலை மறைக்கிறாப்புல இருக்குங்கிறாங்க.”

மறுநாள் தலை முதல் கால் வரை எடுத்தான். சும்மா எடுத்தால் மூன்றாம் நாள் பாடம் என்ன ஆவது? லென்ஸின் வாயை அகலத் திறந்தால் முன்னால் நிற்பவர் பளிச்சென்றும் பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சு மாதிரியும் விழும் என்று படித்திருந்தான். அப்படியே விழுந்தது. லிடியாவின் கொலுசு மணிகளை எண்ணலாம். வீடு மட்டும் மேகத்துக்குள் போயிருந்தது.

வீட்டை எதற்கு அழித்திருக்கிறார்கள், அது சொந்த வீடுதானா என்று ஒட்டன்சத்திரத்திலிருந்து கேள்வி வந்தது.

“நாப்பது வருஷமா கட்டிக் காப்பாத்துன வீட்ட நாலு நாள்ல காணாமப் பண்ணிட்டியேடா,” என்றாள் சகாயராணி. “செல்போன்ல ஒண்ணு எடுத்து அனுப்பிச்சுத் தொலையேன்.”

“அம்மா, செல்போன்ல எடுக்குறது படம். இது கலை.”

“உன் கலைக்கு நானாண்ணே கெடைச்சேன்?” என்றாள் லிடியா. குரல் கேலியாக இருந்தாலும் முகம் கேலியாக இல்லை. அதைப் பார்த்த பிறகு பிரின்ஸுக்கு இரவுச் சோறு இறங்கவில்லை.

வீடும் தெளிவாக வேண்டும், பெண்ணும் தெளிவாக வேண்டும் என்றால் லென்ஸின் வாயை ஊசித்துளையாகச் சுருக்க வேண்டும் என்றது நான்காம் பாடம். அப்படிச் சுருக்கினால் வெளிச்சம் மெதுவாகத்தான் உள்ளே போகும். அதுவரை ஆள் அசையக் கூடாது. பொழுது சாயும் நேரம். கேமராவை ஸ்டூலில் வைத்து, நான்கு விநாடி மூச்சைக்கூட விடாதே என்று லிடியாவிடம் சொல்லிப் பொத்தானை அமுக்கினான். இரண்டாவது விநாடியில் எதிர்வீட்டு ஆடு அவளுடைய செம்பருத்தியில் வாய் வைத்தது. லிடியா சட்டென்று இரண்டடி நகர்ந்து கையை ஓங்கி, அப்படியே நினைவு வந்து அங்கேயே சிலையாக நின்றுவிட்டாள்.

கேமராவின் சின்னத் திரையில் வீடு ஒவ்வொரு செங்கல்லாகத் தெரிந்தது. அந்தப் பூரிப்பில் மற்றதைப் பார்க்காமல் அனுப்பிவிட்டான்.

“தம்பி,” என்றார் சார்லஸ், கொஞ்சம் பயந்த குரலில். “பொண்ணு ரெட்டைப் பிறவின்னு என்கிட்டகூட நீங்க சொல்லலையே. அதுல கை ஓங்கிட்டு நிக்கிற பொண்ணுதான் நம்ம பொண்ணான்னு கேக்குறாங்க.”

ஐந்தாம் நாள் நல்ல வெயிலில் எடுத்தான். பெண் ஒன்று, கால் இரண்டு, வீடு முழுசு, எல்லாம் ஒரே படத்தில் அடங்க வேண்டும் என்று முற்றத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு கீழிருந்து குறிபார்த்தான். மயங்கி விழுந்துவிட்டான் என்று நினைத்து சகாயராணி ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்தாள். கேமரா தப்பியது. படத்தில் லிடியா செல்போன் கோபுரம் மாதிரி உயர்ந்து நின்றாள். மாப்பிள்ளை ஐந்தடி நாலங்குலம்தான், பக்கத்தில் நின்றால் தாலி கட்ட ஏணி வேண்டுமே என்று கவலைப்படுகிறார்கள் என்றார் சார்லஸ்.

அந்தக் கவலையைப் போக்க மொட்டை மாடியில் ஏறிக் கீழ்நோக்கி எடுத்தான். பெண்ணுக்கு வயசு பதினெட்டு ஆகிவிட்டதா என்று கேட்டு வந்தது.

கடைசியில் சார்லஸே முடிவு சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நேரிலேயே வருகிறார்கள்.

பிரின்ஸ் இந்த முறை கேமராவைப் பீரோவுக்குள் பூட்டிவிட்டு ஒரு பெரிய ஃபைலைத் தயார் செய்தான்.

பிரிட்டோ, அவன் அம்மா, காலேஜில் படிக்கும் தங்கை கிளாரா, கூடவே சார்லஸ், நால்வரும் வந்தார்கள். கேசரி கைக்கு வந்ததுமே பிரின்ஸ் ஆரம்பித்தான். லிடியாவைக் கூடத்தில் மூன்று சுற்று நடக்கச் சொன்னான். நிலைக்கதவில் சாய்த்து நிறுத்தி, டேப்பால் அளந்து, ஐந்தடி இரண்டங்குலம் என்று உரக்க வாசித்தான். வீட்டுப் பத்திரம், பிறந்த தேதிச் சான்றிதழ், வீட்டில் மகள் ஒருத்திதான் என்பதற்கு ரேஷன் கார்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து பிரிட்டோவின் அம்மா மடியில் அடுக்கினான். பிரிட்டோ தலையை நிமிர்த்தாமல் கேசரியை மட்டும் தின்றுகொண்டிருந்தான்.

“ஏனுங்க தம்பி,” என்றார் அந்த அம்மா, “நாங்க பொண்ணு பாக்க வந்தமா, பத்திரம் பதிய வந்தமா?”

“நீங்க சந்தேகப்பட்டதுக்கெல்லாம் பதில்தாம்மா இது. காலு, வீடு, ரெட்டைப் பிறவி, ஒசரம், வயசு, அப்பறம் அந்த... பக்கத்துல நின்ன ஆளு. சத்தியமா யாரும் நிக்கலம்மா.”

“சந்தேகமா? நானுங்களா?” அந்த அம்மாவின் முகம் சிவந்தது. “ஒரு பொண்ணப் பத்தி இப்படியெல்லாம் கேக்கற சாதியா நாங்க? வீட்டுக்குக் கூப்பிட்டு வெச்சு இப்படிப் பழி போடறீங்களே.”

காகிதங்களை மேசையில் வைத்துவிட்டு அவர் எழுந்துவிட்டார். லிடியா நிலைக்கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள், கண் நிறைந்துவிட்டது. சகாயராணி மகனைப் பார்த்த பார்வையில் இன்னொரு சொம்புத் தண்ணீர் தயாராக இருந்தது. எல்லாரும் சார்லஸ் பக்கம் திரும்பினார்கள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “போன்ல வந்தத நான் அப்படியே சொன்னேன், அம்புட்டுத்தான்” என்று முனகினார்.

“எங்க வீட்டுலருந்து உங்களுக்குப் போன் போட்டது ஆருங்க?”

சார்லஸ் துண்டை உதறி மறுபடி மடித்தார். முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த கிளாராதான் பேசினாள்.

“உக்காரும்மா, மொத போட்டோவுக்கே நீ சரின்னுட்ட, அதைச் சொல்லாம, இன்னொண்ணு வேணும் இன்னொண்ணு வேணும்னு சாக்குச் சொல்லிச் சொல்லி ஆறு போட்டோ வாங்கி வெச்சிருக்கறது நம்ம அண்ணன்.”