இரண்டு மணி அடித்த இன்ஸ்பெக்டர்

பெற்ற தகப்பனை நாம் வேலை பார்க்கும் இடத்துக்கு அழைத்துப் போகக் கூடாது. அங்கேயும் அவர் தன் வேலையைத்தான் பார்ப்பார். இதைத் தெரிந்துகொள்வதற்குள் என் உத்தியோகமே போயிருக்கும்.

எழுபதுகளின் கடைசி. தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக விஞ்ஞான டீச்சர். பள்ளி இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு பாடம் நடத்தித் தேறினால் வேலை நிரந்தரம். தவளையோ தாமரையோ எடுத்துப் பிழைத்திருக்கலாம். நான் (மேதாவி அல்லவா!) கண்ணுக்கே தெரியாத செல்லுக்குள் ஆறடி டி.என்.ஏ. எப்படி அடங்குகிறது என்பதை எடுத்தேன். அந்த இழை புரத உருண்டைகளைச் சுற்றிச் சுற்றி, பிறகு மொத்தமும் சுருண்டு சுருண்டு அடங்குகிறது. அதை நூலால் சுற்றிக் காட்டக் கைப்பிடி வைத்த மர உருளை ஒன்றை அப்பா செய்து கொடுத்தார். சுற்றவும் அவரே வந்தார்.

அப்பா சுரங்கத்தில் வைண்டர் டிரைவர். ஆட்கள் நிற்கும் கேஜ் என்ற கூண்டை இரும்பு ரோப்பில் ஏற்றி இறக்குபவர். கீழேயிருந்து வரும் மணிதான் அவருக்கு வேதம்.

"ரோப்பு சுத்துன கைம்மா இது. நூலு இன்னா பிரமாதம்?"

பாடம் அருமையாகப் போனது. மேசை நிறையக் கிடந்த நூல் உருளையில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. அப்போது இன்ஸ்பெக்டர், தண்ணீருக்காகப் பியூனைக் கூப்பிட, மேசை மணியை ஒரு தட்டுத் தட்டினார். அப்பா சட்டென்று நிறுத்திவிட்டார்.

"சுத்துங்கப்பா!" என்று பல்லைக் கடித்தேன்.

"ஒரு மணி அட்சா நிறுத்தணும்மா."

பியூன் வரவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு தட்டினார்.

"ரெண்டு மணி. இறக்கணும்" என்று அப்பா கைப்பிடியை எதிர்ப்பக்கம் விறுவிறுவென்று சுழற்றினார். குபுகுபுவென்று வந்த நூலைப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறி வாரி இன்ஸ்பெக்டர் மேல் போர்த்தியது. கண்ணாடி, காது, பேனா, எங்கும் நூல். அவர் பதறிப்போய் மூன்று தட்டினார்.

"மூணு மணி. கேஜுல ஆளுங்க இருக்காங்க" என்று அப்பா வேகத்தைக் குறைத்து, மெதுவாக, மரியாதையாகத் தொடர்ந்து இறக்கினார்.

வேலை போனது போனதுதான் என்று நின்றேன்.

நூலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்னம்மா இது?"

"டி.என்.ஏ. சார். சரியா சுத்தலைன்னா... இப்படித்தான் சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "நல்லா புரிஞ்சுதும்மா. முதல்ல என்னை வெளியே எடுங்க!"

வேலை நிரந்தரமானது. வீட்டில் அம்மா பிடிபிடியென்று பிடித்தபோதும் அப்பா அசரவில்லை.

"என்னை இன்னாத்துக்குக் கேக்குற? சிக்னல் குடுத்தவரைக் கேளு!"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் எதற்கும் மன்னிப்புக் கேட்டதில்லை. போன மாதம் என் மாப்பிள்ளை புதுக் காரைக் கொண்டுவந்து எங்கள் கேட்டிலேயே மோதினார். இறங்கி வந்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "சிக்னல் குடுத்தவரைக் கேளுங்க!"