கோயில் வாசலுக்கு வந்த எரிமண் ரயில்

டெர்ரிகோனி, அயர்லாந்து
பிப்ரவரி 1952

பாஸ்டனில் பேரோடும் புகழோடும் வாழும் அட்ராக்டா அக்காவுக்கு, தம்பி ஃபின்டன் மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் நலம். மழையும் நலமாகவே பெய்கிறது.

அக்கா, என் மகள் டிம்ப்னாவின் கல்யாணம் ஜாம்ஜாமென்று முடிந்தது! நடத்திக் காட்டியவன் உன் தம்பி. புதன்கிழமை தவக்காலத் தொடக்கம். செவ்வாய் மதியத்துக்குள் பூசை நடக்காவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. அதற்குள் சம்பந்தி, மாட்டுத் தரகர் கார்மக், மகன் மனசைக் கலைத்துவிடுவார். சதுப்பில் வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கிற எரிமண்ணை ரயிலில் இழுக்கிறவன் வீட்டுப் பெண் என்றால் அவருக்கு அவ்வளவு இளப்பம். செவ்வாய்க் காலை பார்த்து ஆறு பெருகிச் சாலை முழுகிப்போனது. மாப்பிள்ளை முந்தின நாளே கோயிலுக்குப் போய்விட்டான். மற்ற எல்லோரும் இந்தப் பக்கம்.

நான் விடுவேனா? எரிமண் அள்ளும் வண்டிகளைக் கழுவி, பெஞ்சு போட்டு, பெண், சம்பந்தி, சொந்தபந்தம் அத்தனை பேரையும் ஏற்றி என் குட்டி எஞ்சினைக் கிளப்பினேன். சதுப்பைக் கடந்தால் தண்டவாளம் கோயில் வாசலுக்கே போகும். எரிமண் குவியல் எங்கேயோ அங்கே தண்டவாளத்தைத் தூக்கிப் போடுவதுதானே எங்கள் பிழைப்பு? போன வாரம் அந்தப் பாதையை வேறு குவியலுக்கு மாற்றியவர்களில் நானும் ஒருவன். கல்யாண அவசரத்தில் சுத்தமாக மறந்துபோச்சு! வண்டி நடுச் சதுப்பில் ஒரு குவியலுக்கு முன்னால் போய் நின்றது. தண்டவாளம் அதோடு சரி. எதிரே கோயில் தெரிகிறது. காலை வைத்தால் இடுப்பு வரை சேறு.

"ஏன்யா, வழி தெரியாதது ரயிலுக்கா, உனக்கா?" என்றார் சம்பந்தி. டிம்ப்னாதான் முக்காட்டைத் தூக்கிவிட்டுப் பேசினாள்: "பின்னாடி இருக்கற தண்டவாளத்தக் கழட்டி முன்னாடி போடுங்கப்பா, தினம் செய்யறதுதானே. மாமா, நீங்களும் ஒரு பக்கம் புடிங்க."

பிடித்தார் அக்கா! பூசையில் நற்கருணை வாங்கும்வரை சாப்பிடக் கூடாதென்று ராத்திரியிலிருந்து ஒருவரும் வாயில் ஒன்றும் போடவில்லை. அந்த வெறும் வயிற்றோடு ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, போட்டதன்மேலேயே நடந்து, வண்டியை நகர்த்தி, மறுபடியும் கழற்றி, மதிய மணி அடிக்குமுன் கோயில் வாசலில் நிறுத்திவிட்டோம். புதுக் கோட்டெல்லாம் சேறாக நின்ற சம்பந்தி சாமியாரிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணு என் மருமக. சீக்கிரம் ஆரம்பிங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. புனித பிரிஜித் உங்கள் அடுப்பு அணையாமல் காக்கட்டும்.

அன்புத் தம்பி,
ஃபின்டன்

பி.கு.: வெள்ளம் வடிந்து எல்லோரும் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்கள். எஞ்சின் மட்டும் கோயில் வாசலிலேயே நிற்கிறது. அதற்குப் பின்னால் தண்டவாளமே இல்லை. மேஸ்திரி என்னைத் தேடி இரண்டு தடவை வந்துவிட்டார். பாஸ்டனில் ரயில் ஓட்ட ஆள் எடுக்கிறார்களா என்று அத்தானிடம் உடனே கேட்டு எழுது.