சிவப்புக் கோட்டுக்கு யார் சொந்தக்காரர்?

நகரமைப்பு அலுவலர் அன்று காலை திருப்பி அனுப்ப வேண்டியிருந்த முதல் கோப்பு, அவருடைய சொந்த வீட்டுக் கோப்பு. திருப்பி அனுப்பச் சொன்னதும் அவரே எழுதிய விதிதான்.

விதி புதுசு, மை கூடக் காயவில்லை. நிலத்துக்கு அடியில் கம்பியோ குழாயோ போவதாக வரைபடம் காட்டினால், அதை நேரில் கண்டறிந்து, அதற்குச் சொந்தமான துறையிடம் கடிதம் வாங்காமல் மேலே எதுவும் கட்டக்கூடாது. கண்டறியும் வரை தோண்ட வேண்டும். அந்தக் கடைசி வரிக்குத் தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டவர் அவர்.

இப்போது பார்த்தால், பழைய வரைபடத்தில் அவர் வீட்டு வாசலுக்கு அடியில் பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு. கேட்டருகே தொடங்கி மனையின் மூலையில் முடிந்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"இது கரண்டா, தண்ணியா சார்?" என்று கேட்டார் குமாஸ்தா. "சொன்னீங்கன்னா முத்திரை குத்திடறேன்."

தெரிந்தால்தானே சொல்ல. முழங்கால் ஆபரேஷன் முடிந்து அக்கா வீட்டில் இருக்கும் அப்பா, "எனக்கு நம்ம வீட்டுலதான்டா தூக்கம் வரும்" என்று தினமும் போனில் புலம்புகிறார். வீட்டுக்குள் ஏறப் பதினாலு படி. வாசலில் தரையோடு ஓர் அறை கட்டினால்தான் அவரை அழைத்துவர முடியும்.

மின்சாரப் பொறியாளரைக் கேட்டார். "எங்க படத்துலயும் அந்தக் கோடு இருக்கு சார். ஆனா எங்களது இல்ல. தண்ணிக்காரங்களோடதா இருக்கும்."

தண்ணீர்த் துறை, "இருக்கு. போன்காரங்களைக் கேளுங்க" என்றது. போன்காரர்கள் திரும்ப மின்சாரத்தையே கைகாட்டினார்கள். மூன்று துறைக்கும் படத்தை நகலெடுத்துக் கொடுத்தது தன் அலுவலகம்தான் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

மேஸ்திரியை வைத்துத் தோண்ட ஆரம்பித்தார்.

"மூணடி ஆச்சு சார். மண்ணுதான் வருது."

"தோண்டுங்க. படம் பொய் சொல்லாது."

அது அப்பாவின் வாக்கு. இதே அலுவலகத்தில் முப்பது வருஷம் வரைபடம் போட்டவர். மயிரிழை கோணாமல் கோடு இழுப்பார் என்று இன்றைக்கும் அங்கே பேச்சு உண்டு.

நாலாவது அடியில் கடப்பாரை எதிலோ இடித்தது. அலுவலர் ஆவலோடு குனிந்தார். முகத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"என்னங்க," என்று மாடியிலிருந்து மனைவி கூப்பிட்டாள். "குழாயில வெறும் காத்து வருது."

உடைந்தது வீட்டுக் குழாய். சுற்றுவழியாகப் புதுக் குழாய் போட்டார்கள். குமாஸ்தா விடவில்லை. "புதுக் குழாயைப் படத்துல ஏத்தணும் சார். உங்க விதி." இப்போது சிவப்புக் கோட்டுக்குத் துணையாக ஒரு நீலக் கோடும் சேர்ந்தது.

குழியைக் கொஞ்சம் தள்ளித் தோண்டினால், பக்கத்து வீட்டு போன் கம்பி அறுந்தது. சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர், குழியை எட்டிப் பார்த்ததும் சண்டையை மறந்துவிட்டார். "உள்ள என்னதான் சார் இருக்கு?" மறுநாள் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார். தெருவே கூடிவிட்டது. சுரங்கப்பாதை என்றார் ஒருவர், புதையல் என்றார் இன்னொருவர். அலுவலருக்கும் சோறு இறங்கவில்லை. யார் போட்டது, எதற்குப் போட்டது? அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

எட்டடி ஆயிற்று. வாசலே குழியாகிவிட, வீட்டுக்குள் போகப் பதினாலு படியோடு ஒரு பலகையும் சேர்ந்துகொண்டது. பொறுத்துப் பார்த்த அப்பா, அன்றைக்குத் தானே ஒரு காரைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். தடியை ஊன்றிக்கொண்டு குழியின் ஓரம் நின்றார்.

"என்னடா இது?"

"பழைய படத்துல இங்க ஒரு சிவப்புக் கோடு இருக்குப்பா. யாரோடதுன்னே தெரியல. கண்டுபிடிக்காம உங்க ரூமைக் கட்ட முடியாது."

"கேட்டுலேர்ந்து அந்த மூலை வரைக்கும்தானே?"

"ஆமாம்பா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா குழிக்குள் எட்டிப் பார்த்து, "நீ மேல ஏறி வாப்பா" என்று மேஸ்திரியைக் கூப்பிட்டார். பிறகு மகனின் காதருகே குனிந்தார்.

"நான் வாங்குற வரைக்கும் இந்த மனையை வேற யாரும் வாங்கிடக் கூடாதுன்னு, நான்தான்டா அந்தக் கோட்டை இழுத்தேன்."