தும்மும் பஞ்சு

கடலுக்கு அடியில் கிடக்கும் ஒரு பிராணியால் உத்திரமேரூரில் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது என்றால், அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான்: எங்கள் மெத்தைக்காரர்.

அன்று கடையில் இருந்தவர்கள்: நான், என் தங்கை மல்லிகா, அவளுக்கு மாமியாராக வரப்போகிற, பெருநகர் என்கிற பக்கத்து ஊர் அம்மா, சீட்டுக்குக் குஷன் வாங்க வந்த பஸ் டிரைவர், மெத்தைக்காரர், அப்புறம் ஒரு தலையணை. தலையணையையும் ஆள் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். சண்டையே அதன்மேல்தான்.

மெத்தைக்காரருக்கு வேறு பெயர் உண்டா என்று தெருவில் யாருக்கும் தெரியாது. அவர் கடையும் என் தையல் கடையும் ஒட்டினாற்போல் இருக்கும். நான் உறை தைப்பேன், அவர் இலவம்பஞ்சு அடைப்பார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சக் காலத்தைக் கவலைப்படுவதில் செலவழித்தவன். பீடியோடு யாராவது தெருவில் போனாலே, பஞ்சு பற்றிக்கொண்டால் மெஷினை எந்தப் பக்கம் தள்ளுவது என்று யோசிப்பேன். அவருக்குக் கவலை கிடையாது. தும்மல்தான் உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பஞ்சுத் தூசியில் அவர் போடும் முதல் தும்மலுக்கு பஸ் ஸ்டாண்டே ஆடும்.

ஒருமுறை வேனில் ராமேஸ்வரம் போனார். அந்தப் பக்கம் அடியில் கண்ணாடி வைத்த படகில் ஏற்றிப் பவளப்பாறையைக் காட்டியிருக்கிறார்கள். "அதோ, கடற்பஞ்சு" என்று படகுக்காரர் கை நீட்டியதும் எல்லோரும் செல்போனை நீட்ட, நம் ஆள் மட்டும் "மூட்ட இன்னா வெல?" என்று கேட்டாராம். படகுக்காரர் சிரித்துவிட்டு, அது உயிருள்ள பிராணி என்றார். அன்றோடு போயிற்று எங்கள் நிம்மதி.

ஊர் திரும்பியதும் செல்போனில் எந்நேரமும் கடற்பஞ்சு வீடியோதான். தலையணை வாங்க வருகிறவர்களுக்குத் தலையணைக்கு முன்னால் பாடம்.

"அதுக்கு வாயி கெடியாது, வவுறு கெடியாது, மூள கெடியாது. ஒடம்பு பூரா பொடி ஓட்ட. அது வழியா தண்ணிய இஸ்து, அதுல கீற கிருமியத் துன்னுட்டு, மிச்சத்த உச்சில கீற பொந்து வழியா வுட்டுடும். நாள் பூரா இதே வேல."

"மூள இல்லாம எப்டி நைனா பொழைக்குது?" என்பார் வாங்க வந்தவர்.

"ஏன், நீ பொழைக்கல?"

ஆனால் அவரை அடியோடு சாய்த்தது வேறு சங்கதி. "டெய்லரு, அது தும்முதுபா! ஓட்டைல குப்ப சேந்துச்சுனா ஒடம்ப சுருக்கி, சளியோட தள்ளிடுதாம். ஒரு தும்மல் முடிய அர மணி நேரம்கூட ஆவுமாம். நா பஞ்சால தும்முறேன், அங்க பஞ்சே தும்முது!" கூடப்பிறந்தவனைக் கண்டுபிடித்தவர்போல அவர் கண் கலங்கியிருந்தது. தூசியாகவும் இருக்கலாம்.

இந்த நிலையில்தான், சீர் மெத்தையையும் தலையணையையும் பார்க்கப் பெருநகர் அம்மா வந்தார். அவர் முகம் சுளித்தால் மல்லிகாவின் வாழ்க்கை என்ன ஆகும் என்று முதல் நாளே எனக்குச் சோறு இறங்கவில்லை. நாங்கள் படியேறும்போது மெத்தைக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மல்லிகாவின் தலையணையைத் தட்டித் தட்டி டிரைவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"பஞ்சுன்னா சும்மானு நெனச்சுக்காத. அதுக்கு உசுரு கீது. உள்ளாற நண்டு, எறா, புழுவுலாம் குடித்தனம் பண்ணிக்கினு கீது."

பெருநகர் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாது, நண்டா? ஏம்பா டெய்லரு, எம்புள்ள தலமாட்டுல நண்டா?"

"இல்ல சம்பந்திம்மா, அது கடல்ல..."

"கடல்லேர்ந்து வேற எட்டாந்தியா? பொரட்டாசில முட்டகூட தொடாத வூடு எங்க வூடு. மெத்தைல கவுச்சிய வெச்சா அனுப்புவீங்க? இந்தப் பேஜாரே வாணாம். எம்புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கறேன்."

பத்திரிகை வைத்த வீடெல்லாம் வரிசையாக வந்து, கல்யாணம் ஏன் நின்றது என்று கேட்பதுபோல் இருந்தது. நண்டினால் என்று எப்படிச் சொல்வேன்?

மெத்தைக்காரர் திரும்பினார். "எம் பஞ்சுல கவுச்சியா?" பிளேடால் ஒரே இழுப்பு. கிழிந்த தலையணையை ஓடுகிற ஃபேனுக்கு நேராகத் தூக்கி உதறினார்.

ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. முதலில் டிரைவர் தும்மினார். பிறகு நான், மல்லிகா. கடைசியாகப் பெருநகர் அம்மா போட்டார் பாருங்கள் ஒன்று, மெத்தைக்காரரே ஓரடி பின்வாங்கினார்.

பஞ்சு அப்பிய தலையோடு அந்த அம்மாவை அவர் மரியாதையாகப் பார்த்தார். "நல்லா பாத்துக்கம்மா. நண்டு கீதா? இது எலவம்பஞ்சு. கடல் பஞ்சு தானா தும்மும். இது நம்மளத் தும்ம வெக்கும். அவ்ளோதான் வித்தியாசம்."

மல்லிகாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பெருநகர் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எம் மருமவளப் பாரு, என்னவிட நரச்சுக் கீறா" என்றபடி அவள் தலையிலிருந்து பஞ்சை எடுக்க ஆரம்பித்தார். மருமவ என்று சொல்லிவிட்டார்!

மெத்தைக்காரர் கடை முழுக்கத் தவழ்ந்து பஞ்சைப் பொறுக்கினார். "கடல் பஞ்ச சல்லடைல தேச்சு வுட்டாகூட, திரும்பி ஒண்ணாக் கூடிக்குமாம் டெய்லரு. இதுக்கு அந்தத் துப்பு இல்ல. நாந்தான் கூட்டணும்." மல்லிகா இன்றைக்கும் அந்தத் தலையணையில்தான் படுக்கிறாள்.

இந்த வாரம் அவர் மறுபடி ராமேஸ்வரம் போயிருக்கிறார், கூடப்பிறந்தவனைப் பார்க்க. பக்கத்து ஷட்டர் மூடியிருக்கிறது. காலையில் தும்மல் கேட்காமல் எனக்குத் தையல் நேராக ஓடமாட்டேன் என்கிறது. படகு, அலை, அவர் வயது என்று ஊசிக்கு ஊசி கவலை. நேற்று போன் வந்தது. எடுத்தால் ஒரே காற்றுச் சத்தம், பேச்சைக் காணோம். பயந்துபோய் "அலோ, அலோ" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் ஒரு தும்மல் கேட்டது. மெஷினை மிதிக்க உட்கார்ந்தேன்.