வெர்னியர் கெடு சொல்லாத சக்கரம்

தக்கலையில் ஒரு மனிதரைக் கண்டு பெஞ்சு, கொக்கி, மோதிரம் எல்லாம் பயந்தன என்றால் அது எங்கள் வெர்னியர்தான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு இருந்திருக்கும். லேத்துப் பட்டறைக்காரர். பேனா இருக்க வேண்டிய சட்டைப் பையில் வெர்னியர் காலிப்பர் நீட்டிக்கொண்டிருக்கும், அதுவே பெயராகிவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பார். அளந்ததோடு விடமாட்டார், அது எப்போது முறியும் என்றும் சொல்லிவிடுவார். டீக்கடை பெஞ்சின் போல்ட்டை அளந்து, வெள்ளிக்கிழமை தாண்டாது என்றார். வியாழன் மாலையே முறிந்தது. அப்போது அதில் உட்கார்ந்திருந்த மூன்று பேரில் நான் நடுவில். மணி நான்கு நாற்பது என்று என் டைரியில் இருக்கிறது. சர்ச் மணி தொங்கும் கொக்கியை ஒருமுறை காலிப்பரால் தொட்டார். அளவைச் சொல்வதற்குள் கமிட்டி கூடி மணியைக் கீழே இறக்கிவிட்டது. ஒரு கல்யாணத்தில் அவர் கைகுலுக்கப் போனபோது மாப்பிள்ளை மோதிரக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"கரிநாக்கு மக்கா அது" என்பார் டீக்கடைக்காரர். வெர்னியர் தலை தெரிந்தால் பாய்லரை மறைத்துக்கொண்டு நிற்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் சைக்கிள் போய்ச் சேர்ந்தது. மைத்துனன் குவைத்திலிருந்து கொண்டுவந்த சைக்கிள். மூன்று கியரும் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளேயே அடக்கம். கைப்பிடியில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால்தான் வண்டி நிற்கும். சர்க்கரைக்கு டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருந்தார். தக்கலை அலுவலகத்திலிருந்து இரணியலில் உள்ள என் வீட்டுக்குப் போகும் வழியில் ஓர் ஏற்றம். முதல் கியரிலேயே நெஞ்சு அடைத்தது. பின்னால் இருக்கும் பதினெட்டுப் பல் சக்கரத்தை எடுத்துவிட்டு இருபத்திரண்டு பல் போட வேண்டும். நாகர்கோவில் வரை விசாரித்தேன். ஒரு கடையிலும் இல்லை.

அந்தப் பல்சக்கரத்தின் நடுத்துளையில் உள்நோக்கி மூன்று காதுகள் உண்டு. அவை ஹப்பில் உள்ள மூன்று பள்ளங்களில் பொருந்தி உட்கார வேண்டும். வண்டி ஓடுவதும் நிற்பதும் அந்தக் காதுகளை நம்பித்தான். புதிதாக ஒன்று செய்து தரச் சொல்லி, மாதிரிக்குப் பழைய சக்கரத்தை வெர்னியரிடம் கொடுத்தேன். அவர் அதை மேசையில் தள்ளிவிட்டார்.

"இது தேஞ்சது சாரே. இதப் பாத்து வெட்டினா தேய்மானத்தையும் சேத்து வெட்டணும்."

ஹப்பின் பள்ளங்களையே அளந்தார். அகலம், ஆழம், ஒவ்வொன்றும் ஆறு தடவை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முப்பத்தாறு எண்கள். இரண்டு எண்கள் மட்டும் மயிரிழை வேறுபட்டன. அவர் மறுநாள் முதலிலிருந்து தொடங்கினார். லேத்தில் துளையைக் கடைந்தபின் காதுகளை அரம் பிடித்துக் கையால் அராவினார். மூன்று இழுப்புக்கு ஒரு முறை ஹப்பில் வைத்துப் பார்ப்பார். ஐந்தாம் நாள் அது டக்கென்று உட்கார்ந்தது. செயினில் இரண்டு கண்ணி கூட்டி மாட்டினார்.

எப்போது முறியும் என்பதைக் கேட்க நான் டைரியைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அவர் கை கழுவினார். கேட்டேன். சுவரைப் பார்த்தார். மறுபடியும் கேட்டேன்.

"சாரு வீட்டுக்குப் போவும்" என்று வாசலைக் காட்டினார்.

பெஞ்சுக்கே கிழமை சொன்னவர் எனக்குச் சொல்லவில்லை. டீக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணும் செல்லல்லியா? அப்ப இன்னைக்கேதான்."

சைக்கிளை உருட்டிக்கொண்டே போயிருக்கலாம். ஆனால் டீக்கடையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஏற்றத்தில் சக்கரம் வெண்ணெய் போலச் சுற்றியது. உச்சிக்குப் போனதும்தான் நினைவுக்கு வந்தது: அந்தப் பக்கம் நெடிய இறக்கம், அடியில் ரயில்வே கேட்.

கேட் மூடியிருந்தது. பின்னால் ஓர் ஆட்டோ, என்னை முந்தாமல், நான் வேகம் எடுத்தால் அதுவும் வேகம் எடுத்து வந்தது. என்னைத் தூக்கிப்போட்டுக் கொண்டுபோக ஏற்கெனவே வண்டி பிடித்துவிட்டார்களோ என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பெடலைப் பின்னால் அழுத்தினேன்.

கண்ணைத் திறந்தபோது கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தேன். ஆட்டோவிலிருந்து வெர்னியர் ஏறக்குறைய விழுந்து இறங்கினார். மண்டியிட்டுப் பல்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். சக்கரம் அசையவில்லை. மறுபடியும் ஆட்டிப் பார்த்தார்.

"எப்ப முறியும்னு ஏன் அண்ணே சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"செல்லி முறிஞ்சிட்டுன்னா? பெஞ்சு போனா வேற பெஞ்சு போடலாம். எனக்க நாக்கக் கண்டா எனக்கே பயம் சாரே."

ரயில் போய் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

இப்போதும் மாதம் ஒருமுறை பட்டறைக்குப் போகிறேன். அவர் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பார். பிறகு சுவரைப் பார்ப்பார். டைரியில் எப்போதும் ஒரே வரி: "சக்கரம் சரி. வெர்னியர் பேசவில்லை." இந்த ஊரில் அவர் கெடு சொல்லப் பயந்த ஒரே சாமான் நான்தான்.