எர்ரர் அக்கா வாய் திறக்காத நாற்பது நிமிடங்கள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கே ஒரு பிழை நடந்தாலும், அது நடந்து முடிவதற்குள் எர்ரர் அக்காவின் காதுக்கு எட்டிவிடும். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நகல் எடுக்கக் கொடுத்த தாளை முதலில் முழுதாகப் படிப்பார். பிறகுதான் மெஷினைத் திறப்பார்.

ஒருமுறை திருவாடானைக்காரர் ஒருவர் விண்ணப்பத்தை நீட்டினார்.

“இதுல உங்க அய்யா உங்களுக்கு ரெண்டு வருசம் கழிச்சுப் பொறந்திருக்காரே, எப்படி?”

“சும்மா எடுத்துக் குடுங்கம்மா, பஸ்ஸு கெளம்பிரும்.”

“ஒரு தப்பை ரெண்டு தப்பாக்கச் சொல்றீகளா? நம்மளால ஏலாது.”

பேருந்து போனது. அடுத்த பேருந்தும் போனது. அவர் புதுப் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

அந்தக் கடையின் மாடியில்தான் சனிக்கிழமைதோறும் எங்கள் ஃபங்ஷனல் புரோகிராமிங் படிப்பு வட்டம் கூடும். வெளியே எதையும் தொடாமல், கொடுத்ததற்கு எப்போதும் ஒரே விடை தரும் சிறு சிறு ஃபங்ஷன்களைக் கோத்து நிரல் எழுதும் முறை அது. பாலிடெக்னிக் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நான், நயினார்கோவில் முருகேசன், கீழக்கரை சுல்தான், அக்கா என நான்கு பேர். அக்காவுக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்.

“தப்பா எழுதுனா ஓடவே மாட்டேங்குது பாருங்க. மனுசனும் இப்படி இருந்தா என்ன?”

கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. பத்தரைக்குத் தொடங்கியதாக எழுதினால் பத்து முப்பத்து நான்கு என்று திருத்துவார். முப்பத்து நான்குதான் சரி என்பது என் தனி வருத்தம்.

வேலை பார்த்த துபாய்க் கம்பெனி மூடப்பட்டதால் சுல்தான் ஊர் திரும்பியிருந்தார். மகளுக்கு மூன்று மாதம். வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய புரோகிராமர் வேலை ஒன்றுக்கு வீடியோ நேர்காணல் வந்தது. அது கிடைக்காவிட்டால், மச்சான் பிடித்து வைத்திருந்த டிரைவர் வேலைக்கு மறு வாரமே துபாய் போக வேண்டும். பிறகு பிள்ளையைப் பார்க்க இரண்டு வருடம். கீழக்கரை வீட்டில் இணையம் விட்டு விட்டு வரும் என்பதால், நேர்காணலை எங்கள் கூட்டத்தன்று மாடியிலேயே வைத்துக்கொண்டார்.

“அக்கா, காதுல என்ன விழுந்தாலும் பேசிராதீக.”

“நான் என்ன லூசா?”

“கல்யாண வீட்ல மைக்கைப் பிடுங்குனது யாருக்கா?” என்றார் முருகேசன்.

“மாப்பிள்ளை பேரை மாத்திச் சொல்றான், பிடுங்காம?”

சரியாகப் பதினொன்று இரண்டுக்குத் தொடங்கியது. நாங்கள் மூவரும் லேப்டாப்புக்குப் பின்னால், சுல்தானுக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். எல்லாம் நன்றாகவே போனது. பதினொன்று முப்பத்தொன்றுக்கு, கேள்வி கேட்டவர் சொன்னார்: “லிஸ்ட்டோட முன்னாடி ஒண்ணைச் சேர்க்கிறதும் கடைசியில சேர்க்கிறதும் ஒரே வேகம்தான், இல்லையா?”

இல்லை. முன்னால் சேர்க்க ஓர் அடி போதும். கடைசியில் சேர்க்கப் பட்டியல் முழுவதையும் கடக்க வேண்டும். எங்கள் முதல் மாதப் பாடம்.

“ஆமா சார்” என்றார் சுல்தான்.

அக்கா எழுந்துவிட்டார். முருகேசன் இரண்டு கைகளையும் கூப்பினார். அக்கா முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. லேப்டாப்பிலிருந்து அடுத்த கேள்வி வந்துவிட்டது. சுல்தானோ அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையைப் பாரய்யா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“சார், மன்னிக்கணும். முன்னாடி ஆமான்னு சொன்னேன்ல, அது தப்பு. கடைசியில சேர்க்கணும்னா லிஸ்ட் பூரா நடந்து போகணும்.”

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

“உங்க ரூம்ல வேற யாரும் இருக்காங்களா?”

“மூணு பேரு இருக்காக சார். யாரும் வாயத் தொறக்கல.”

“அப்ப ஏன் மாத்திச் சொன்னீங்க?”

“முதல்லயே தெரியும் சார். சொல்லப் பயந்துட்டேன்.”

அவர் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. மேலும் இரண்டு கேள்விகள். புதன்கிழமை சொல்வதாகச் சொன்னார். பதினொன்று நாற்பத்திரண்டுக்குச் சுல்தான் லேப்டாப்பை மூடினார்.

அக்கா முந்தானையை உருவினார். “ஏலே சுல்தானு! வேலையத் தொலைச்சிட்டியேடா. நான்தான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்ல?”

“நீங்க பேசியிருந்தாக்கூடப் பரவால்லக்கா. பேசாம இருந்ததத்தான் பாக்க முடியல.”

புதன்கிழமை வேலை உறுதியானது. சுல்தான் துபாய் போகவில்லை.

ஒரு வருடம் ஆகப்போகிறது. சனிக்கிழமைகளில் மகளையும் தூக்கி வருகிறார். தகப்பனைக் கூப்பிடும் ‘வாப்பா’ என்ற ஒரு சொல்தான் அந்தக் குழந்தைக்கு இப்போது வரும். அதைச் சொல்லிக்கொண்டே அக்காவின் மடியில் ஏறுகிறது. “என்னடி தங்கம்” என்கிறார் அக்கா. இதுவரை ஒருமுறைகூடத் திருத்தவில்லை.