வரதராசா ஜீப் கொண்ட படலம்

வாழ்க வரதராசா! தோசைக்கல்லைப் போல் தட்டையாகக் கிடக்கும் யாழ்ப்பாணத் தீவகத்திலே பிறந்து, நிமிர்ந்தால் மலையும் குனிந்தால் பள்ளமுமாய்த் தெரிகிற கண்டி மாநகரிலே அரச உத்தியோகம் ஏற்று, வேலைநாளெல்லாம் மலைகளின் சமவுயரக்கோடுகளைத் தாளிலே வரைந்து, விடுமுறை நாளெல்லாம் அம்மலைகளின் பறவைகளைக் கமராவிலே பிடிக்கத் துடித்த படவரைஞர் திலகம் வாழ்க! முழங்கையினும் நீண்ட அவரது லென்ஸ் வாழ்க! இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் உலகை இடுக்கிப் பார்த்துப் பார்த்து ஒருபக்கம் மட்டும் சுருங்கிப்போன அவரது திருமுகம் வாழ்க! வழுக்கை மறைத்த அவரது பச்சைத் தொப்பியும் வாழ்ந்திருக்கும்; ஆனால் பச்சை நிறத்தில் எதையும் தலையில் வைத்துக்கொண்டு ஒரு தமிழர் காட்டுக்குள் நுழைவது புத்தியல்ல என்று கருதி மனைவி அதை எங்கோ ஒளித்துவிட்டார்.

ஏனெனில் அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாலந்தோறும் மணல்மூட்டையும் சந்திதோறும் முட்கம்பியும் முளைத்திருந்த காலம். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால், பால்மா வாங்கப் போகிறவனும் வழியில் தன் பிறப்பு வளர்ப்பு முழுவதையும் சொல்லிவிட்டே போகவேண்டிய காலம். அப்பேர்ப்பட்ட காலத்திலேதான் நம் வீரருடைய நெஞ்சை ஒரு பறவை கவர்ந்தது. செக்கச் சிவந்த அலகும் நீலச் சிறகும் வெள்ளை நுனி வைத்த நெடுவாலும் கொண்ட அந்த வனமோகினி நக்கிள்ஸ் மலைக்காட்டிலே விடியற்காலையில் மட்டும் காட்சி கொடுத்து, முதல் பஸ் வந்து சேர்வதற்குச் சற்று முன்னே மறைந்துவிடும் வழக்கமுடையது. பஸ் மாறிப் பஸ் ஏறி, நசுங்கி, இறங்கி, சோதிக்கப்பட்டு, மறுபடி ஏறி, ஒவ்வொரு முறையும் அவர் போய்ச் சேர்ந்தபோது அங்கே அசைந்துகொண்டிருந்த வெறுங்கிளையை மட்டுமே படமெடுத்தார். அவரிடம் அசையும் கிளைகளின் படங்கள் ஏராளம்.

எனவே ஒரு ஜீப் வேண்டும் என்றார் வரதராசா. காடு ஏறும் ஜீப், கல் மிதிக்கும் ஜீப், கைக்கெட்டும் பழைய ஜீப்.

அதைக் கேட்டு எழுந்து நின்றார் அவரது இல்லத்தரசி, கணித ஆசிரியை சரோஜினிதேவி. முன்னொரு காலத்தில் அக்குடும்பத்திடம் ஒரு கிழட்டுக் கார் இருந்ததையும், சரோஜினிதேவியின் தங்கையுடைய கலியாணத்தன்று அது பிலிமத்தலாவைக் கடைத்தெருவின் நடுவே மூச்சை விட்டதையும் ஊர் அறியும். இடுப்பிலே கையூன்றி அம்மையார் பிரகடனம் செய்தார்:

"இஞ்சாருங்கோ, வடிவாக் கேளுங்கோ. காஞ்சிபுரம் சீலையோட நடுறோட்டில கார் தள்ளினவள் நான். இனி ஒண்டிலையும் கை வைக்க மாட்டன். வாற ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஒரு ஜீப் வரவேணும். என்ர கண்ணுக்கு முன்னால, ஆரும் தள்ளாமல், ஸ்டார்ட் எடுக்கவேணும். எடுத்தால் அது உங்கட. இல்லாட்டி உந்தக் கமராவை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுவன், திறப்பு என்னட்டை!"

அலுமாரி நடுங்கியது. கமரா, தன் மூடிக்குள்ளே கண்ணை மூடிக்கொண்டது.

புறப்பட்டார் வீரர். அவர் நிராகரித்த வாகனங்களின் பெருமையை யார் பாடி முடிப்பது! ஒன்று சிங்கம்போல் நின்றது. ஆனால் அதன் கண்ணாடி பாதியோடு இறங்க மறுத்ததால் லென்ஸை வைக்க வாகில்லை என்று தள்ளினார். ஒன்று யானைபோல் நின்றது; ஆனால் அதன் கதவு சாத்தும்போது பக்கத்துத் தோப்பின் கொக்குகள் எல்லாம் அடுத்த தோப்புக்குக் குடிபெயர்ந்தன. வேறொன்று அழகென்றால் அழகு, மௌனமென்றால் மௌனம். ஆனால் உடம்பெல்லாம் இராணுவப் பச்சை. அதைச் சுற்றி வந்து, தடவி, பெருமூச்சு விட்டு, தொப்பிக்கு நேர்ந்த கதியை நினைத்துத் திரும்பினார். என்ஜினைப் பற்றி அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஒரு வாகனம் பறவையைப் பறக்க வைக்குமா, வைக்காதா? உலகில் அது ஒன்றே அவருக்குக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கலஹா பஸ்ஸில் தொங்கியபடி அவர் மலையேறினார்.

அங்கே, தேயிலை மலையின் தோளிலே, தொழிலாளர் லயத்துக்கு மேற்புறம், பாதை குப்புறப் பாய்கிற இடத்தில், முன்சில்லுக்கு ஒரு கல் அண்டக் கொடுத்து நின்றது அந்த ஜீப். வெளுத்த வெண்ணிறம், அகன்ற ஜன்னல், லென்ஸ் சாய்ந்து இளைப்பாறுவதற்கென்றே பிறந்தாற்போன்ற விளிம்பு. அதன் உடையவர் அழகமுத்து, தோட்டத்து லொறி ஓட்டுபவர், பீடியைக் காதில் செருகிக்கொண்டு வரவேற்றார்.

"வாங்க ஐயா, வாங்க. வண்டி சும்மா குதிரை மாதிரிங்க. உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார் வரதராசா. கமராவை மடியில் ஏந்தினார். பாதையோரத்துத் தொலைபேசிக் கம்பியிலே, பச்சை மேனியும் கழுத்தில் கறுப்புக் கோடுமாக, ஒரு பஞ்சுருட்டான் குருவி அமர்ந்திருந்தது. "ஓடட்டும்" என்று சைகை செய்தார். அழகமுத்து இறங்கிக் கல்லை உதைத்தார், தாவி ஏறினார், கைப்பிரேக்கை விட்டார்.

ஆகா! என்ன சொல்ல, எப்படிச் சொல்ல! நெய்யிலே கத்தி இறங்கினாற்போல, நித்திரையிலே கனவு நுழைந்தாற்போல, ஒரு இலையும் அறியாமல், ஒரு கூழாங்கல்லும் முணுமுணுக்காமல் அந்த வெண்ணிற ஜீப் நழுவிச் சென்றது. கம்பி நெருங்கியது. குருவி நெருங்கியது. குருவியின் கண்ணிலே வரதராசாவின் உருவம் தெரியுமளவுக்கு நெருங்கியது. குருவி திரும்பிப் பார்த்து, "நீரா?" என்பதுபோல் தலையைச் சரித்துவிட்டு, அங்கேயே இருந்தது!

அப்போதுதான் அழகமுத்து, நேர்மையிற் சிறந்த அந்த மனிதர், தன் மனச்சாட்சியின்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார்: "ஐயா, ஒண்ணு சொல்லிடுறேன். இதுக்கு ஸ்டார்ட்டர் மோட்டர் வேலை செய்யாதுங்க. மேட்டுல நிறுத்திட்டீங்கன்னா கவலையே இல்ல. இந்தா இப்புடி உருள விட்டு, ரெண்டாங் கியர்ல கிளச்ச விட்டா பிடிச்சிக்கும்."

"ஓம், ஓம்," என்றார் வரதராசா, மூச்சைப் பிடித்தபடி, இடக்கண்ணை மூடியபடி. *கிளிக்.*

ஒரு சொல்லும் அவர் காதுக்குள் போகவில்லை. அகிலமெங்கும் தேடி அலைந்த மௌன வாகனம் கிடைத்துவிட்டது என்ற பேரின்பத்திலே அவர் மிதந்துகொண்டிருந்தார். வளைவிலே கிளச் விடப்பட்டு என்ஜின் இடிபோல் முழங்கியபோதும், குருவி மலைக்கு அப்பால் பறந்தபோதும், அவர் ஆனந்தக் கண்ணீர்தான் துடைத்தார். நாளெல்லாம் தாளிலே சரிவு வரைகிற கைக்கு, காலுக்குக் கீழே இருந்த சரிவு தெரியவில்லை. தட்டை நாட்டில் பிறந்த கண்ணுக்கு, ஒரு வாகனம் முன்னே போனால் அதை என்ஜின்தான் கொண்டுபோகிறது.

"இதுதான்! இதேதான்!" என்று முழங்கினார். கைகள் குலுக்கப்பட்டன. திறப்பு கைமாறியது. முழங்கிக்கொண்டிருந்த என்ஜினோடு வரதராசா மலையிறங்கினார். வழியெல்லாம் மரங்களுக்குக் கையசைத்தார்.

கெட்டம்பையில், மகாவலியின் ஓரமாக, உள்ளங்கை போல் சமதரையாய்க் கிடந்த வீதியிலே, தார்ப்பீப்பாய்களை இருபுறமும் நிறுத்தி நின்றது சோதனைச் சாவடி.

"ஓஃப் கரன்ன, மாத்தயா," என்றான் ஒரு சிப்பாய்.

என்ஜினை நிறுத்தினார். எமன் சிரித்திருப்பான், வரதராசா அறியார். அட்டை வாங்கப்பட்டது. பிறந்த இடம் வாசிக்கப்பட்டது. முகம் பார்க்கப்பட்டது. மறுபடி அட்டை. பின்னாசனத்துப் பை திறக்கப்பட்டு, தோளில் வைத்துச் சுடும் ஆயுதம் போன்ற அந்தக் கரிய நீண்ட லென்ஸ் வெளியே எடுக்கப்பட்டபோது, வீதியே ஒரு கணம் மூச்சை நிறுத்தியது. இந்த வேளை மட்டும் இது பகடி அல்ல. பத்து ஆண்டு பேசிப் பழகிய சிங்களம் முழுவதும் அவரைக் கைவிட்டு ஆற்றிலே குதித்தது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது.

"குருல்லோ!" என்றார். பறவைகள்! நம்பாமற் போய்விடுவார்களோ என்று இரு முழங்கைகளையும் விரித்துச் சிறகடித்தும் காட்டினார். "குருல்லோ! குருல்லோ!"

அதிகாரி அவரை நோக்கினார். பிறகு ஆற்றின் நடுப்பாறையிலே சிறகை உலர்த்திக்கொண்டிருந்த நீர்க்காகத்தை நோக்கினார். லென்ஸைக் கமராவிலே பூட்டச் சொல்லி, வாங்கி, கண்ணில் வைத்தார். நெடுநேரம் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "ஷா!" என்று வியந்தார். அடுத்தவன் வாங்கினான். "ஷா!" மணல்மூட்டைக்குப் பின்னிருந்தவனும் இறங்கி வந்து வரிசையில் நின்றான். நீர்க்காகம் தன் வாழ்நாளில் அவ்வளவு மரியாதையை அதற்குமுன் பெற்றதில்லை.

"ஹரி, யன்ன," என்று அதிகாரி வழிவிட்டார்.

வரதராசா வெற்றிப் புன்னகையோடு திறப்பைத் திருப்பினார்.

*டிக்.*

மறுபடி திருப்பினார். *டிக்.* ஜீப், தன் இயற்கையான மௌனத்துக்குத் திரும்பியிருந்தது. இரு பீப்பாய்களுக்கும் நடுவே, கண்டிக்குப் போகும் வழி முழுவதையும் அடைத்துக்கொண்டு, துறவியைப்போல் உட்கார்ந்திருந்தது. பின்னால் கலஹா பஸ் ஹோர்ன் அடித்தது. அதன் பின்னால் ஒரு லொறி. அப்போதுதான், மூடிய காதின் கதவைத் தட்டிக்கொண்டு, அழகமுத்துவின் வார்த்தைகள் ஒவ்வொன்றாய் உள்ளே வந்தன: ஸ்டார்ட்டர். வேலை செய்யாதுங்க. மேட்டுல நிறுத்திட்டீங்கன்னா.

அதிகாரி வரிசையைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், எந்த மொழிபெயர்ப்பும் வேண்டாத கட்டளையை இட்டார்: "தல்லு கரன்ன!"

துப்பாக்கிகள் முதுகுக்கு ஏறின. சேனை ஜீப்பின் பின்னே திரண்டது. ஏலேலோ என்று பாடவில்லையே தவிர மற்றெல்லாம் செய்தது. பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

"அடியே, ஆமிக்காரங்களே தள்ளுறாங்க பாரு!"

"யாருடி அது? மந்திரியா இருக்குமோ?"

"மந்திரின்னா புது வண்டியில வருவாரு. இது யாரோ அதவிடப் பெரிய ஆளு!"

இரண்டாம் கியர். கிளச். கரும்புகை கக்கி எழுந்தது ஜீப்! சிப்பாய்கள் கைதட்டினார்கள். வரதராசா நிற்கவில்லை, நிற்க முடியாது. கும்பிட்டபடியே பறந்தார். அதன்பின் கண்டி வாவிக்கரை நெரிசலை அவர் கடந்த விதம் இருக்கிறதே! வேள்வித்தீயைக் காப்பவர்போல் அந்த என்ஜினை அணையாமல் காத்தார். ஒரு காலால் பிரேக்கும் மறுகாலால் கிளச்சும் மிதித்து, மூன்றாவது கால் ஒன்று இல்லையே என்று ஏங்கி, முன்னே குறுக்கிட்ட முச்சக்கரவண்டிகளை மன்னித்து, தம் வீடிருந்த குண்டசாலை ஒழுங்கைக்குள் நுழைந்தார்.

வாசலில் நின்றார் சரோஜினிதேவி. முகத்திலே மெச்சுதல்கூடத் தெரிந்தது.

"வடிவாத்தான் இருக்கு. எங்கை, ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுத் திருப்பி ஸ்டார்ட் எடுங்கோ பாப்பம்."

வாசலோ பில்லியர்ட் மேசைபோல் மட்டம். வரதராசாவின் மனக்கண்ணில் அலுமாரியின் கதவு திறந்தது. உள்ளே நாப்தலின் உருண்டைகளுக்கு நடுவே கமரா தூங்கியது. நீலப் பறவை கிளையிலே தனியாக இருந்து தனியாகப் பறந்தது. அந்தக் கடைசி வேளையிலே, இத்தனை ஆண்டும் தாளிலே மட்டும் உறங்கிய ஞானம் விழித்தது! ஒழுங்கை முழுவதும் அவர் கண்முன்னே சமவுயரக்கோடுகளாய் விரிந்தது. இங்கே கோடுகளே இல்லை. அங்கேயும் இல்லை. ஆனால் அதோ, அப்பால், மருந்துக்கடை நடத்தும் றமீலாவின் வீட்டு வாசலருகே, ஆற்றுப்பக்கமாய், சரிவு காட்டிக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கின!

"நீர் ஏறும், சரோ," என்றார் கம்பீரமாக. "இஞ்சை இடம் ஒடுக்கம். அங்காலை போய்க் காட்டுறன்."

ஏறினார் அம்மையார். றமீலாவின் வாசலில், ஆற்றை நோக்கி மூக்கை நீட்டி, ஜீப்பை நிறுத்தினார் வீரர். என்ஜினை அணைத்தார். உலகம் அமைதியாயிற்று. பிறகு, யாரும் பார்க்காதபடி என்று தாம் நினைத்துக்கொண்டு, கைப்பிரேக்கை விட்டார்.

நழுவியது ஜீப். மதில் நழுவியது, முருங்கை நழுவியது, றமீலாவின் கொடியில் காய்ந்த உடுப்பெல்லாம் நழுவியது. சரோஜினிதேவியின் கண்கள் விரிந்தன. முருங்கையிலிருந்த கொண்டைக்குருவி அசையவில்லை. "ஐயோ, சத்தமே இல்லை!" என்று குழந்தைபோல் கைகொட்டினார். அவர் கைகொட்டி வரதராசா பார்த்து நெடுங்காலமாயிற்று. ஒரு கணம் கிளச்சை மறந்தார். மறுகணம் விட்டார். ஜீப் முழங்கியது. வரதராசாவும் முழங்கினார். கொண்டைக்குருவி பறந்தது.

ஆற்றங்கரையில் திருப்பும்போது அம்மையார் மெதுவாகச் சொன்னார்:

"திறப்பில நீங்கள் கையே வைக்கேல்லை."

வரதராசா வீதியையே பார்த்தார்.

"நான் கணக்குப் படிப்பிக்கிறனான் எண்டதை மறந்திட்டியளோ? பள்ளத்தில உருட்டித்தானே எடுத்தனீங்கள்?"

"ஓம்," என்றார் அந்த மாவீரர், மிகச் சிறிய குரலில்.

விதியே அந்த முன்னாசனத்தில் உட்கார்ந்து சீலைத் தலைப்பைச் சரிசெய்தது.

"ஆரும் தள்ளக்கூடாதெண்டுதான் நான் சொன்னனான்," என்றார் கடைசியில். "பள்ளம் தள்ளினதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. சொன்ன சொல்லு சொன்னதுதான். கமரா உங்கட."

முழங்குக முரசே! ஒலிக்க சங்கே! நக்கிள்ஸ் மலையின் நீலச் சிறகே, இனி எந்த விடியலிலும் நீ தனியாக இருக்கமாட்டாய்! மேடு பள்ளமெல்லாம் தன் படையாகக் கொண்டு, சரிவே சாரதியாக, மௌனமே தேராக வருகிறார் வரதராசா!

ஜீப் இப்போது றமீலா வீட்டு வாசலில்தான் நிற்கிறது.